புற்றரை வைத்தியம்

நமது கலாசாலையின் தலைவாயிலைக் கடந்து உட்புகுவார் கண்ணுக்கு முதற்கண் தோன்றுவது கட்டடமன்று. அதன் முன்னே விரிந்து கிடக்கும் புற்றரையே. நீளம் 40 மீட்டர், அகலம் 25 மீட்டர்; ஆக, ஆயிரம் சதுர மீட்டர் பரப்புடையது. பழைய மாணவர் பலர் தம் ஆசிரியர் சிலரின் பெயரை மறந்திருப்பினும், இத்தரையின் எந்த மூலையில் அமர்ந்து பரீட்சைக்குப் படித்தனர் என்பதை மறந்திலர். இப்புற்றரை 2022ஆம் ஆண்டின் இறுதியில் பாழ்பட்டதும், அதனைச் சீர்செய்யப் புகுந்து நாம் ஒருமுறை இடறி வீழ்ந்ததும், பின்னர் உள்ளூர்த் தோட்டக்காரர் ஒருவரின் கைத்திறத்தால் அது மீண்டதும் ஆகிய வரலாற்றை மாணாக்கர்க்கு ஒரு பாடமாகப் பயன்படும் என்று கருதி இங்கு எழுதலானேன். தாவர நூல் கற்பிக்கும் யானே இதன்பொருட்டு அமைந்த மூவர் குழுவில் ஒருவனாயிருந்து, முதற்பிழைக்கு உடன்பட்டுக் கையொப்பமும் இட்டவன். ஆதலின் இதனை எழுதுங்கால் எனக்குச் சிறிது நாணமும் உண்டு.

நிகழ்ந்தது இது. 2022 டிசம்பரில் மூன்று நாள் விழா நடைபெற்றது. பந்தல் புற்றரையின்மீதே இடப்பட்டது. இரண்டாம் நாளிரவு பெருமழை கொட்டிற்று. மறுநாட் காலை நாற்காலிகளை ஏற்றிவந்த லாரி வழியில் நிற்க இடமின்றித் தரைமீது ஏறியது. அதனைப் பின்பற்றி விருந்தினரின் மோட்டார் வண்டிகளும் ஏறின. விழா இனிதே முடிந்தது. பந்தலைப் பிரித்தபோது தரையில் கணைக்கால் ஆழத்திற்குச் சக்கரத் தடங்கள் காணப்பட்டன. அத்தடங்களில் யாரோ நன்மனத்துடன் மண்ணைக் கொட்டி மேடாக்கினர். ஏப்ரல் வருமுன் தரையில் முக்காற்பங்கு வழுக்கையாயிற்று. எஞ்சிய இடத்தில் கோரை தலைதூக்கி நின்றது.

ஈரமண்ணில் பாரமேறுதல் எவ்வளவு தீங்கானது என்பதை முன்னரே கூறிவிடுதல் நலம். நல்ல மண்ணின் பருமத்தில் ஏறத்தாழப் பாதிதான் திடப்பொருள். மறுபாதி நுண்ணிய புழைகள். அப்புழைகளில் நீரும் காற்றும் பங்கிட்டு வாழ்கின்றன. வேரும் மூச்சுவிடும் உயிர்ப்பொருளே ஆதலின் அக்காற்று அதற்கு இன்றியமையாதது. உலர்ந்த மண் பாரத்தைத் தாங்கும். நனைந்த மண்ணிலோ துகள்களினிடையே உள்ள நீர் எண்ணெய் போலாகித் துகள்களை ஒன்றன்மேலொன்று வழுக்கச் செய்து புழைகளை அடைத்துவிடுகின்றது. ஒரு கன சென்டிமீட்டர் உலர்மண்ணின் எடை சுமார் 1.6 கிராமைத் தாண்டுமாயின் பலவகை நிலங்களில் வேர் உள்நுழைதல் அரிதாகும். களிப்பு மிகுந்த நிலத்தில் அதற்கும் குறைந்த எடையிலேயே தடை தொடங்கிவிடும். லாரியின் ஒரு நாழிகை வேலையை மீட்க நமக்கு இரண்டாண்டு வேண்டியதாயிற்று.

இனி, புற்றரையென்பது நம் நாட்டுப் பழைய வழக்கமன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நம்மவர்க்குப் புல் ஆடுமாடுகளின் உணவு. அன்றேல் வயல் வரப்பைக் காக்கும் காவல். வீட்டின் முன்னே புல்லை வளர்த்து, அதனை வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்து அழகு பார்த்தல் மேனாட்டுச் செல்வர் வழக்கம். அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் நீண்ட அரிவாளும் ஆட்டுமந்தையுமே கருவிகளாயிருந்தன. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்னும் பகுதியைச் சார்ந்த எட்வின் பட்டிங் என்பார், கம்பளித் துணியின் மேற்புறத்து இழைகளைச் சமமாகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டு, அம்முறையிலேயே புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை அமைத்து 1830இல் அதற்குரிமை பெற்றார். அதன்பின்னரே எளிய குடிமக்களும் வாசலில் புற்றரை வைத்துக்கொள்ளலாயினர்.

அந்நாட்டுப் புல்லினங்கள் குளிர்நாட்டு வாழ்வினர். ஏறத்தாழ 15 முதல் 24 பாகை வெப்பத்திலேயே அவை செழிக்கும். அவற்றுக்கென எழுதிய புத்தகங்களைப் படித்துவிட்டுத் தென்பாண்டி நாட்டு வெயிலில் நீர் தெளிப்பவன், சளிக்குரிய மருந்தைக் காமாலைக்குக் கொடுப்பவனை ஒப்பான். நமக்குக் கைகொடுப்பது அருகு. லின்னேயஸ் 1753இல் இதனை வேறோர் இனத்திற் சேர்த்துப் பெயரிட்டார். பெர்ஸூன் என்பார் 1805இல் சைனோடான் டாக்டிலான் என்று மாற்றினார். முன்சொல் நாயின் பல்லையும் பின்சொல் விரலையும் குறிப்பன. அருகின் பூந்துணர் விரல்களை விரித்தாற்போல் இருத்தலை மாணாக்கர் வெளியிற் சென்று தாமே காணலாம். அது தரைமேல் ஓடுந்தண்டும் தரைக்குள் ஓடுந்தண்டும் ஆகிய இரண்டும் உடையது; கணுத்தோறும் வேர்விடுவது. வெப்பமும் ஒளியும் மிக்கவிடத்துக் கரியமில வாயுவைத் திறம்பட ஏற்கும் நாற்கார்பன் வழியை மேற்கொண்டது. ஆகவே 27 பாகைக்கு மேற்பட்ட வெப்பமே அதற்கு இன்பம். மணமக்களை வாழ்த்துங்கால் நம் முதியோர் ஆலோடு அருகையும் சேர்த்துச் சொல்வது வெறும் அணியன்று; கண்டறிந்த உண்மை. ஏசாயா தீர்க்கதரிசி மனிதனுடைய நிலையாமைக்குப் புல்லை உவமை கூறியது நமக்குத் தெரியும். அவர் நாட்டுக் குன்றுகளில் மாரிக்குப்பின் முளைத்து வெயிலில் மாயும் புல் அதற்கு ஏற்றதே. நம் வரப்பருகு அவ்வளவு எளிதில் மாய்வதன்று.

மிஷன் கலாசாலையினராகிய நாம் இவ்விடத்து ஒருவரை நினைத்தல் தகும். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் பாதிரியார் தமிழகராதி தொகுத்தவர் என்பதை அறிவோம். அவரே இந்நாட்டுச் செடிகொடிகளையும் புற்களையும் தேடி உலர்த்திச் சேர்த்த தாவர அறிஞருமாவர். சொல்லையும் புல்லையும் ஒரே கையால் தொகுத்தவர் அவர். நிற்க.

முதற்பிழைக்கு வருவேன். குழுவினராகிய நாங்கள் தொலைவிலுள்ள பெருநகரத்து நிலையம் ஒன்றுக்கு எழுதினோம். தரையின் நிழற்படங்கள் இரண்டை அனுப்பும்படி கேட்டனர், அனுப்பினோம். அன்று மாலையே சதுர அடிக்கு இன்ன விலை, ஒரே நாளில் வேலை முடிவு என்று விடை வந்தது. அவர்களுள் ஒருவரும் நேரில் வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்திலர், நாங்களும் அழைத்திலோம். 2023 மே மாதத்தில், கத்தரி வெயிலில், கொரியப் புல் என வழங்கும் ஸாய்சியா இனத்துப் புல்லைப் பாய் பாயாகக் கொணர்ந்து விரித்துச் சென்றனர். அன்று மாலை புற்றரை மரகதம் பதித்தாற்போல விளங்கியது. யானும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அப்படம் இன்னும் என்னிடம் உண்டு; எவர்க்கும் காட்டுவதில்லை.

ஆகஸ்டு மாதத்திற்குள் பாய்கள் ஓரம் சுருங்கி வைக்கோல் நிறம் அடைந்தன. ஒன்றனை ஒரு மூலையிற் பற்றித் தூக்கினேன். கம்பளம் போல முழுமையாகக் கையோடு வந்தது. வேர்கள் பாயின் அடியில் இரண்டு விரற்கிடை மண்ணுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. கீழ்மண்ணில் ஒன்றேனும் இறங்கவில்லை. கோடையில் வேரிறங்காத புல்லுக்கு நாளிற் பன்முறை நீர் வேண்டும். நாமோ ஒருமுறை தெளித்தோம். போதாக்குறைக்குப் பாய்களோடு வந்த மண்ணில் புதிய கோரைக் கிழங்குகளும் வந்திறங்கியிருந்தன. எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. ஒப்பந்தத்திலோ புல்லை விரித்தல் என்று இருந்ததேயன்றி, அது பிழைத்தல் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆகவே வழக்காடவும் வழியில்லை. விலையையும் நாளையும் கேட்டோம், மண்ணைப்பற்றிக் கேட்டிலோம். பிறர்மேற் பழியை முழுவதும் ஏற்றுதல் முறையன்று. அப்பணத்தில் ஒரு பகுதி பழைய மாணவர் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பியது என்பதே எங்களை உறுத்தியது.

அதன்பின் உள்ளூரிலேயே ஆள் தேடினோம். முதலில் மருந்து விற்பவர் ஒருவர் வந்தார். தரையை ஒருமுறை சுற்றினார்; புழுதான் காரணம் என்றார்; நஞ்சு மருந்தின் பெயரையும் விலையையும் சொன்னார். அடுத்து, நம் ஊர்ப் பங்களாத் தோட்டங்களில் நாற்பதாண்டாக வேலை செய்துவரும் முதியவர் ஒருவர் 2023 செப்டம்பரில் ஒரு காலையில் வந்தார். கையில் கடப்பாரையும் மண்வெட்டியும் ஒரு வாளியும் இருந்தன. விலை கேட்டேன். “அதைப் பொறவு பேசுவோம் ஐயா, மொதல்ல பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி வேலையைத் தொடங்கினார். ஒரு மணி நேரம் அவர் பின்னே நடந்தேன். வகுப்பறையில் யான் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் பலவற்றை அவர் கையாற் செய்து காட்டுவதைக் கண்டேன்.

அவர் முதலில் கடப்பாரையைத் தரையில் ஊன்றித் தம் உடற்பாரத்தால் மட்டும் அழுத்தினார். ஓரத்தில் மாமரத்தின் அருகில் அது ஒரு சாண் இறங்கிற்று. நடுவில் நான்கு விரற்கிடையில் நின்றுவிட்டது. இவ்வாறு இருபது இடங்களில் ஊன்றி, இறங்காத இடங்களில் எல்லாம் ஒரு கல்லை வைத்துக்கொண்டே போனார். கற்களைத் தூரத்திலிருந்து நோக்கியபோது லாரி வந்த வழியும் வண்டிகள் நின்ற வரிசையும் படமெழுதினாற் போலத் தெரிந்தன. பின்னர் நான்கிடங்களில் ஒரு சாண் ஆழக் குழி தோண்டி ஒவ்வொன்றிலும் நீர் நிரப்பினார். மாமரத்தடிக் குழி கால்மணியில் வற்றியது. நடுக்குழியில் நாங்கள் சோதனை முடித்துத் தேநீர் அருந்தி வந்தபின்னும் நீர் ஒரு விரற்கிடைதான் தாழ்ந்திருந்தது. இது எவரும் தம் வீட்டில் செய்து பார்க்கத்தக்க சோதனை.

புழுவின் செய்தியையும் அவர் விடவில்லை. ஒரு சதுர அடி அளவு மண்ணைப் பெயர்த்துச் சாக்கின்மேல் உதிர்த்து எண்ணினார். கோடைமழை விழுந்தவுடன் அந்தியில் வேம்பு முதலிய மரங்களில் கூட்டமாய் மொய்க்கும் பழுப்பு வண்டுகளின் குஞ்சுகளே இவ்வெள்ளைப் புழுக்கள். பிறைபோல் வளைந்து கிடக்கும். புல்லின் வேரைத் தின்னும். சதுர அடிக்கு ஐந்தாறுக்கு மேற்பட்டால் கவலை கொள்ளலாம். அவர் கண்டது ஓரிடத்தில் ஒன்று, மற்றோரிடத்தில் இரண்டு, ஏனையவற்றில் ஒன்றுமில்லை. “சீக்கும் இல்ல, புழுவும் இல்ல ஐயா. மண்ணு இறுகிப் போச்சு; வேருக்கு மூச்சு முட்டுது. மருந்து வாங்காதீங்க” என்றார். நஞ்சு விற்பவர்க்கும் மருத்துவர்க்கும் உள்ள வேற்றுமை அன்று விளங்கிற்று.

கோரையைப்பற்றி அவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். கோரையைப் பறிப்பவர் பெரும்பாலும் இலையைத்தான் பறிக்கின்றனர். நிலத்துக்குள் கிழங்குகள் நூலிற் கோத்த மணிகள் போலச் சங்கிலியாக இருக்கும். மேலதைப் பறித்தால் உறங்கிக் கிடந்த கீழது விழித்துக்கொள்ளும். உலகத்துக் களைகள் அனைத்தினும் பயிருக்குக் கொடியது இதுவே எனக் களைநூலார் முதலிடம் கொடுத்திருக்கின்றனர். ஆனால் அக்கிழங்குக்கு ஒரு பலவீனம் உண்டு; மேலே கொணர்ந்து வெயிலில் நன்றாக உலர்த்தினால் அது மாளும்.

இறுதியாக அவர் தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் நின்று, எத்தனை மணிக்கு இங்கே வெயில் வரும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருபதாண்டாக அதனைக் கடந்து நடப்பவன் யான்! அடுத்த ஞாயிறன்று இரண்டு மாணவரை அமர்த்தி மணிக்கொருமுறை நிழலின் விளிம்பில் முளை அடிக்கச் செய்தேன். மரத்தைச் சூழ ஏறத்தாழ 150 சதுர மீட்டர் பரப்பில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயில் விழுவதில்லை என்று தெரிந்தது. அருகுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலேனும் வேண்டும். அவ்விடத்தில் அருகு நடுவதற்கு எவ்வளவு கூலி கொடுப்பினும் தாம் உடன்படமாட்டேன் என்றார். செய்யமுடியாததை முடியாது என்று முன்னரே சொல்பவர் இவர் என்பது அப்போதுதான் எங்கள் குழுவுக்கு நம்பிக்கை அளித்தது.

ஆனால் அவர் கேட்ட காலம் எங்களைத் திடுக்கிடச் செய்தது. ஐப்பசி மழை நெருங்குகின்றது; ஈரத்தில் மண்ணைக் கிளறினால் முன்னதினும் கேடாகும்; மாசியில் தோண்டி, கோடை முழுதும் காயவிட்டு, ஆவணியில் நடவேண்டும் என்றார். அந்த டிசம்பரிலோ மற்றொரு விழா வரவிருந்தது. வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர் வருவதாக இருந்தனர். “எப்படியாவது விழாவுக்குள் பசுமையாக்கிக் கொடுங்கள், அண்ணாச்சி” என்று கேட்டுப் பார்த்தோம். “விழாவுக்கு வேணும்னா சமுக்காளம் விரிங்க ஐயா. புல்லை விரிக்கச் சொல்லாதீங்க” என்பதே அவர் விடை. குழுவில் இரண்டு நாள் வாதம் நடந்தது. முடிவில் பிரின்ஸிபால் அவர்கள், வெறுந்தரையிலேயே விழா நடக்கட்டும், வருபவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தார்கள். 2023 டிசம்பர் விழாவில் புழுதியிடையே நின்று அக்காரணத்தைச் சொல்லும் பணி எனக்கு வாய்த்தது. கேட்டவர்களுள் ஒருவரேனும் சினந்திலர்.

ஒப்பந்தத்தை இம்முறை விழிப்புடன் எழுதினோம். கூலி மூன்று பங்கு: மண்வேலை முடிந்து நீர்க்குழிச் சோதனையில் ஒரு மணிக்குள் நீர் வற்றுமாயின் முதற்பங்கு, நட்ட புல் தரையை மூடியபின் இரண்டாம் பங்கு, ஒரு மாரிக்காலம் கழிந்து தை மாதத்தில் மூன்றாம் பங்கு. நீர் கொடுத்தல் கலாசாலையின் கடமை. மோட்டார் பழுதுற்று நீர் தவறினால் அவர் பொறுப்பாகார். நட்ட நாள் முதல் தொண்ணூறு நாள் எவரும் தரையில் மிதிக்கலாகாது. மிதிக்கவிட்டால் அதுவும் நம் பொறுப்பு. இக்கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னவர் அவரே. மொத்தத் தொகை முன்னவர்க்குக் கொடுத்ததிற் பாதிக்குச் சற்றே மேற்பட்டது. அப்படியிருந்தும் நண்பர் ஒருவர், நடவுக்கு வரும் பெண்களின் நாட்கூலியைச் சிறிது குறைக்கலாகாதா என்றார். முதியவர் சிரித்து, “கூலியைக் குறைச்சா குழியும் மேலோட்டமாத்தான் விழும் ஐயா” என்றார். அதன்பின் கூலியைப்பற்றிப் பேச்சில்லை.

மாசியில், அஃதாவது 2024 பிப்ரவரியின் பிற்பகுதியில், வேலை தொடங்கிற்று. தோண்டுமுன் அவர் செய்த ஒன்றை யான் எதிர்பார்த்திலேன். புற்றரையின் ஓரங்களில் உயிர்தப்பி நின்ற பழைய அருகை மண்ணோடு பெயர்த்து, வாளிநீரில் அலசி, கோரைக் கிழங்கின் தூளும் இல்லாதபடி வேரைக் கழுவி, தோட்டத்தின் பின்புறத்தில் ஒரு பாத்தியில் நட்டுவைத்தார். வரப்புகளில் வேண்டுமளவு அருகு கிடைக்குமே என்றேன். இந்த அருகு கணு நெருங்கியது, இத்தனை ஆண்டு மிதிபட்டும் வெட்டுப்பட்டும் குட்டையாய்ப் படரப் பழகியது, வரப்பருகு நெடிதாய் ஓடும் என்று விளக்கினார். நம் பழைய மாணவர் அமர்ந்த அதே புல்லின் வழித்தோன்றலே இன்று தரையில் இருப்பது.

தரை ஓரடி ஆழம் கொத்திப் புரட்டப்பட்டுக் கட்டிகளாகவே கிடக்க விடப்பட்டது. சித்திரை வெயில் கிழங்குகளைச் சுட்டது. மே மாத நடுவில் நீர் பாய்ச்சி, எஞ்சிய கோரை முளைத்ததும் மீண்டும் கிளறிக் கிழங்குகளைக் கையாற் பொறுக்கினர், ஜூனில் மற்றொருமுறை. இவ்வாறு பொறுக்கிய கிழங்குகள் ஆறு சாக்கு நிறைந்தன. அரசாங்க மண் பரிசோதனை நிலையத்திற்கு மண் அனுப்பியதில், உவர் அளவுக்கு மீறவில்லை என்றும் ஜிப்ஸம் தேவையில்லை என்றும் விடை வந்தது. அவ்வளவில் அச்செய்தி முடிந்தது. மக்கிய தொழுவுரம் சதுர மீட்டருக்கு நான்கு கிலோ வீதம் 850 சதுர மீட்டருக்கு 3,400 கிலோ கலந்தனர். மக்காத சாணத்தை அவர் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அது வண்டுகளுக்கு அழைப்பிதழ் என்பது அவர் கருத்து.

மட்டம் செய்தலே மிக நுட்பமான வேலை. புற்றரை பார்வைக்குச் சமமாகவும் உண்மையில் சாய்வாகவும் இருத்தல் வேண்டும். நடுநீள்கோட்டை முதுகாகக் கொண்டு இருபுறமும் நூற்றுக்கு ஒன்று சாய்வு அமைத்தனர். அரையகலம் 12½ மீட்டராதலின் ஓரத்தில் தாழ்வு 12½ சென்டிமீட்டர். கண் இதனைக் காணாது, நீர் காணும். முளையடித்துக் கயிறு கட்டி, ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தனர். பௌதிக வகுப்பு மாணவர் சிலர் வந்து நின்று நோக்கினர். இரண்டு முனைகளிலும் நீர் ஏன் ஒரே உயரத்தில் நிற்கின்றது என்று முதியவர் அவர்களைக் கேட்டார்.

ஆகஸ்டு இறுதியில் நடவு. பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு குழி எனின் சதுர மீட்டருக்கு நூறு. 850 சதுர மீட்டருக்கு 85,000 முடிகள். எட்டுப் பெண்கள் ஏழு நாளில் நட்டனர். தலைக்கு நாளொன்றுக்கு ஆயிரத்தைந்நூற்றுக்குக் குறையாது. ஒவ்வொரு முடியிலும் இரண்டு கணு மண்ணுள்ளும் ஒரு கணு வெளியேயும் இருக்க வேண்டும். சாணமும் மண்ணும் குழைத்த சேற்றில் துண்டு துண்டாக நறுக்கிய அருகைக் கலந்து தரையில் மெழுகிவிடும் முறை ஒன்றும் நம் நாட்டுத் தோட்டக் கலையில் உண்டு, விரைவானது, ஆயின் பெருமழை ஒன்று வந்தால் யாவும் வழிந்தோடும் என்று அதனை அவர் விரும்பவில்லை. மரநிழலில் நிழல் தாங்கும் அகன்ற இலையுடைய அக்ஸோனோபஸ் இனம் வைக்கப்பட்டது.

நீர்க்கணக்கை மாணவரிடம் ஒப்புவித்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயர நீர் ஒரு லிட்டர். ஐந்து மில்லிமீட்டர் நனைக்க 850 சதுர மீட்டருக்கு 4,250 லிட்டர். முதல் இரண்டு வாரம் இதனைக் காலை மாலை என இருமுறையாகப் பிரித்துத் தெளித்தனர். வேர் பிடித்தபின் முதியவர் நாளும் தெளிப்பதை நிறுத்திவிட்டு, நான்கு நாளைக்கு ஒருமுறை ஆழ நனையும்படி விடச் சொன்னார். மேலே எப்போதும் ஈரமிருந்தால் வேர் மேலேயே நிற்கும். கீழே ஈரமும் மேலே வறட்சியும் இருந்தால் நீரைத் தேடிக் கீழே இறங்கும். முன்னர் விரித்த பாய்ப்புல்லுக்கு நாம் செய்தது இதற்கு நேர்மாறு.

முதல் வெட்டு அரிவாளால், அதன்பின்னரே இயந்திரம். இயந்திரத்தின் அலகை நான்கு சென்டிமீட்டர் உயரத்திலேயே வைக்கச் சொன்னார். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் குறைக்கலாகாது என்பதும் விதி. இலையே புல்லின் அடுக்களை; அதனை ஒரேயடியாக அழித்தால் வேர் பட்டினியாற் சுருங்கும். நம் காவலாளர்க்கு மட்டும் குட்டையாக வெட்டுவதே சுத்தம் என்னும் எண்ணம் இன்னும் போகவில்லை. மாதத்துக்கு ஒருமுறை அலகின் உயரத்தை யானே சென்று பார்க்க வேண்டியிருக்கின்றது.

2024 நவம்பரில் ஓரிரவு முழுதும் மழை பெய்தது. விடியுமுன் குடை பிடித்துக்கொண்டு சென்றேன். முதியவர் எனக்கு முன்னரே வந்து முழங்காலிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். ஓர வாய்க்கால்களில் நீர் ஓடிக்கொண்டிருந்தது; தரையில் ஓரிடத்திலும் தேங்கவில்லை. 2025 ஜனவரியில், தை பிறந்த மறுவாரம், மூன்றாம் பங்கு கொடுக்கப்பட்டது.

ஓரிடம் மட்டும் இன்றுவரை அவர் கைக்கு அடங்கவில்லை. நூல்நிலையத்திற்குக் குறுக்கே செல்லும் மாணவர் புற்றரையின் வடகிழக்கு மூலையை வெட்டி நடப்பதால் அங்கு ஓரடி அகலத்தில் வழுக்கைக் கோடு ஒன்று மீண்டும் விழுந்தது. கயிறு கட்டினோம்; தாண்டினர். பலகை வைத்தோம், படித்துவிட்டுத் தாண்டினர். முதியவரை அழைத்துக் காட்டினேன். அவர் அக்கோட்டின்மீதே முன்னும் பின்னும் இருமுறை நடந்து பார்த்து, “பிள்ளைங்க போற வழி சரிதான் ஐயா, இதுதான் கிட்ட. இங்க புல்லு வேண்டாம், கல்லு போடுங்க” என்றார். 2025 ஜூனில் கலாசாலை திறப்பதற்கு முன் அக்கோட்டில் கற்பலகைகள் பதிக்கப்பட்டன. பலகைகளின் இடுக்குகளில் அருகு தானாகவே ஓடிவிட்டது.